மரம் கடையும் லேத்தை எந்த உயரத்தில் நிறுத்துவது?

வணக்கம். உங்கள் கேள்வியில் இருந்த அளவுகளை முதலில் ஒருமுறை எடுத்து எழுதிக்கொள்கிறேன். விடை பெரும்பாலும் அந்த அளவுகளுக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் உயரம் 173 செ.மீ. 12 அங்குல ஸ்விங் (அதாவது கடையக்கூடிய மரத்தின் அதிகபட்ச விட்டம்) கொண்ட சிறிய மர லேத் ஒன்றை, 72 செ.மீ. உயரமும் 60 செ.மீ. அகலமும் உள்ள பழைய மேசையின் நடுவில் வைத்திருக்கிறீர்கள். லேத்தின் காலடியிலிருந்து சுழல் அச்சு, அதாவது மரம் சுழலும் மையக்கோடு, வரை 29 செ.மீ. என்று அளந்து எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதமாகப் பெரும்பாலும் கிண்ணங்களும், எப்போதாவது பூரிக்கட்டை, மத்து போன்ற நீளமான பொருள்களும் கடைகிறீர்கள். முக்கால் மணி நேரம் நின்றால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, பிடரியும் வலிக்கிறது. அச்சு முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும் என்று ஒருவரும், அதற்கு மேல் 5 செ.மீ. என்று இன்னொருவரும், தொப்புள் மட்டமே போதும் என்று மூன்றாமவரும் சொல்ல, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முழங்கை மட்டத்திலிருந்து தொடங்குங்கள் என்பதே என் விடை. அங்கிருந்து எவ்வளவு ஏற்றுவது, இறக்குவது என்பதை, நீங்கள் அதிகமாகச் செய்யும் வேலையும், வெட்டும்போது உளியின் பிடி உங்கள் உடம்பில் எங்கே வந்து ஊன்றுகிறது என்பதும் முடிவு செய்யட்டும். உங்கள் லேத் இப்போது ஏறத்தாழ 10 செ.மீ. தாழ்வாக இருக்கிறது. அதைவிடக் கவனிக்க வேண்டிய இன்னொரு குறையும் உங்கள் மேசையில் இருக்கிறது; அதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

கணக்கைப் பார்ப்போம். மேசை 72, லேத் 29. ஆக உங்கள் சுழல் அச்சு தரையிலிருந்து 101 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. நின்றிருக்கும் ஒருவருடைய முழங்கை, அவர் உயரத்தில் ஏறத்தாழ 63 விழுக்காட்டில் இருக்கும் என்பது உடலளவு நூல்களில் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும் விகிதம். 173 செ.மீ. உயரத்துக்கு அது 109 செ.மீ. வருகிறது. வேலைக்குப் போடும் காலணியின் அடிப்பாகம் 2 அல்லது 3 செ.மீ. சேர்த்தால் 111 அல்லது 112. இந்த விகிதம் ஒரு தோராயம் மட்டுமே. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் மற்றவருக்கு உடல் நீளமாகவும் இருப்பதால் முழங்கை மட்டம் சில சென்டிமீட்டர் வேறுபடுவது சாதாரணம். எனவே நேரில் அளந்துகொள்ளுங்கள். வேலையின்போது போடும் அதே காலணியோடு, காலடியில் ரப்பர் விரிப்பு போடும் எண்ணம் இருந்தால் அதன் மேலேயே, சுவரை ஒட்டி நில்லுங்கள். தோளைத் தளர விட்டு, மேற்கையை விலாவோடு தொங்கவிட்டு, முன்கையை மட்டும் தரைக்கு இணையாக மடக்குங்கள். முழங்கையின் அடி எலும்பு வரும் இடத்தில் வேறொருவரைச் சுவரில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். நீங்களே போட முயன்றால் தோள் உயர்ந்துவிடும், கோடு 2 செ.மீ. ஏறிவிடும். நம் ஊரில் பட்டறையிலும் செருப்போடோ வெறுங்காலோடோ நிற்கும் வழக்கம் இருக்கிறது. விழும் உளியும் தெறிக்கும் மரத்துண்டும் பாதத்தைப் பார்த்து விலகிப்போகா. மூடிய காலணி போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள், அதே காலணியோடு அளவும் எடுங்கள்.

இந்த அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைப் புரிந்துகொண்டால் மூவரும் சொன்ன அறிவுரைகளை நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம். உலோகம் கடையும் லேத்தில் உளியை டூல் போஸ்ட் என்ற பிடிப்பான் இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஆள் கைச்சக்கரத்தைச் சுற்றுகிறார், அளவைப் பார்க்கிறார், அவ்வளவுதான். மரம் கடைபவருக்கு அந்த வசதி கிடையாது. உளியின் கூர்முனை மரத்திலும், நடுத்தண்டு டூல் ரெஸ்ட் என்னும் உளிதாங்கியின் மேலும், பிடியின் முனை கடைபவரின் இடுப்பிலோ தொடையின் மேற்பகுதியிலோ முன்கைக்கு அடியிலோ இருக்கிறது. அதாவது, கடைபவரின் உடம்பே இயந்திரத்தின் ஓர் உறுப்பாக நின்று உளியைத் தாங்குகிறது. உலோக லேத்துக்கு ஸ்டாண்டு செய்து பழகிய பட்டறைகள் மர லேத்துக்கும் அதே கணக்கில் ஸ்டாண்டு செய்து கொடுத்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். என் முதல் ஸ்டாண்டும் அப்படித்தான் வந்தது. வாங்கி வந்த நாளில் பலமாக, நேர்த்தியாகத்தான் இருந்தது; அச்சு என் முழங்கைக்கு 9 செ.மீ. கீழே இருந்தது. ஓராண்டு அதிலேயே கடைந்தேன். இடுப்பு வலியை இந்தத் தொழிலின் இயல்பு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஸ்டாண்டின் கால்களை உயர்த்திய மூன்றாவது வாரத்தில்தான் அது தொழிலின் இயல்பு இல்லை என்று தெரிந்தது.

ஒரு குறிப்பிட்ட வெட்டை எடுத்து அருகில் வைத்துப் பார்க்கலாம். கிண்ணத்தின் வெளிப்புறத்தைக் குழியுளியால், அதாவது பௌல் கவுஜால் கடைகிறீர்கள். கூர்முனைக்குக் கீழேயுள்ள சாய்முகம் மரத்தைத் தொட்டபடியே நகர வேண்டும். அதற்காகப் பிடி கொஞ்சம் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். டூல் ரெஸ்டிலிருந்து பிடியின் கடைசி முனை வரை 55 செ.மீ. என்றும், சரிவு 20 பாகை என்றும் வைத்துக்கொண்டால், பிடியின் முனை அச்சைவிட ஏறத்தாழ 19 செ.மீ. தாழ்ந்து நிற்கும். உங்கள் லேத்தின் அச்சு 112 செ.மீ. உயரத்தில் இருந்தால் அந்த முனை 93 செ.மீ. உயரத்தில், காலணியோடு நிற்கும் உங்கள் இடுப்பு மூட்டின் பக்கத்தில் வந்து பொருந்தும். அங்கே எலும்பு இருக்கிறது. பிடியை அதில் சாய்த்து வைத்துவிட்டு, கையால் தள்ளாமல், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றி இடுப்பை நகர்த்தினாலே உளி ஒரே சீரான வளைவில் போகும். அச்சு இப்போதுபோல 101 செ.மீ. என்றால் அதே முனை 82 செ.மீ. உயரத்தில், தொடையின் சதையில் வந்து நிற்கிறது. அங்கே ஊன்ற முடியாது. கை நீண்டு கீழே போகிறது, முதுகு அதன் பின்னாலேயே வளைகிறது. சற்று நேரத்தில் களைத்துப்போன கை தன்னையறியாமல் பிடியை மேலே தூக்குகிறது. பிடி உயர்ந்தால் சாய்முகம் மரத்தை விட்டு விலகும். கூர்முனை மட்டும் ஆதரவின்றி மரத்தில் பாயும். உளி சட்டென்று கடித்துக்கொண்டு கிண்ணம் உடைவதும், மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு வருவதும் பெரும்பாலும் இப்படித்தான் நேர்கின்றன. ஆகவே உயரம் சௌகரியத்தோடு முடிந்துவிடும் விஷயம் இல்லை. பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கிறது.

முதுகுக்கு வருவோம். தலை, கைகள், உடற்பகுதி மூன்றும் சேர்ந்து நம் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. நேராக நிற்கும்போது அந்தப் பாரம் எலும்பின் மேல் எலும்பாக இறங்கிப் பாதத்துக்குப் போய்விடுகிறது. இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்த கணத்தில் அதைக் கீழ்முதுகுத் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டியதாகிறது, அதுவும் அசையாமல். அசையாமல் பிடித்திருக்கும் தசைதான் சீக்கிரம் களைக்கும். கிண்ணம் கடையும்போது நாம் கனமான எதையும் தூக்குவதில்லை. ஆனாலும் முக்கால் மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

வலி எங்கே வருகிறது என்பதே உயரம் தாழ்வா மிகையா என்பதைச் சொல்லிவிடும். கீழ்முதுகும் பிடரியும் வலித்தால் லேத் தாழ்வாக இருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று உங்களை லேத்திலிருந்து தள்ளி நிறுத்துகிறது என்று பொருள். கழுத்திலிருந்து தோள்மூட்டு வரை எரிச்சலோடு இறுகினால், முழங்கைகள் விலாவை விட்டு இறக்கைபோல விரிந்து தூக்கிக்கொண்டிருந்தால், லேத் உயரமாக இருக்கிறது. மணிக்கட்டு மட்டும் வலிக்கிறதென்றால் உயரத்தைக் குறை சொல்லாமல் உளியின் கூர்மையைப் பாருங்கள். மழுங்கிய உளியை அழுத்திப் பிடிப்பவருக்குத்தான் அங்கே வலிக்கும். வலி காலுக்கு இறங்குகிறது, மரத்துப்போகிறது என்றால் அது லேத்தைத் திருத்தித் தீர்க்கும் வலி இல்லை, மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி அந்த மூன்று அறிவுரைகள். மூவரும் தங்கள் தங்கள் வேலையை வைத்துச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அச்சு ஓரிடத்தில் இருந்தாலும் உளி மரத்தைத் தொடும் இடம் வேலைக்கு வேலை மாறுகிறது. நாற்காலிக் கால், பூரிக்கட்டை போன்ற நீளப் பொருள்களில், குறிப்பாகத் தட்டையான ஸ்க்யூ உளியால் வழிக்கும்போது, வெட்டு உருளையின் உச்சியை ஒட்டி நிகழ்கிறது. 8 செ.மீ. விட்டமுள்ள கட்டையில் அது அச்சுக்கு 2 அல்லது 3 செ.மீ. மேலே. கையும் அதற்கேற்ப உயர்வதால், நாள் முழுவதும் கால்களும் கைப்பிடித் தூண்களும் கடைபவர் அச்சு முழங்கைக்குச் சற்றுக் கீழே இருப்பதையே விரும்புவார். தொப்புள் மட்டம் என்றவர் அப்படிப்பட்டவராக இருக்கக்கூடும். கிண்ணத்தின் உட்புறம் கடைபவருக்கு நிலைமை வேறு. உளி விளிம்பில் நுழைந்து அடிமட்டத்தின் நடுப்புள்ளியில் சரியாக அச்சின் உயரத்தில் வந்து முடிய வேண்டும். அங்கே சென்று சேரும்போது பிடி ஏறத்தாழ படுக்கை மட்டத்துக்கு வந்துவிடும். கூடவே கண்ணும் கிண்ணத்துக்குள் பார்க்க வேண்டும். ஆகையால் கிண்ணம் கடைபவர்களுக்கு அச்சு முழங்கை மட்டத்திலோ, அதைவிட 3 முதல் 5 செ.மீ. மேலேயோ இருப்பது உதவுகிறது. குறுகிய வாய்வழியே ஆழமான சாடியைக் குடைபவர்கள் நீண்ட பிடியை அக்குளில் இடுக்கிக்கொள்வதால் அதற்கும் மேலே கேட்பார்கள். சுரண்டுளியாகிய ஸ்க்ரேப்பரைப் பயன்படுத்தும்போதோ பிடி முனையைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். லேத் ஏற்கெனவே உயரமாக இருந்தால் அந்த நேரத்தில் தோள் தூக்கிக்கொள்ளும். எனவே ஸ்க்ரேப்பரையே அதிகம் நம்பியிருப்பவர் ரொம்பவும் ஏற்றிவிடக் கூடாது.

உங்கள் வேலையில் பெரும்பகுதி கிண்ணம். ஆகவே உங்களுக்கு 112 முதல் 115 செ.மீ. வரை என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வரம்புக்குள் எங்கே நிறுத்துவது என்று தயங்கினால் உயரமான பக்கத்துக்கே சாயுங்கள் என்பேன். உயர்ந்துவிட்ட லேத்துக்குக் காலடியில் ஒரு பலகை மேடை போட்டு ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். தாழ்ந்துவிட்ட லேத்துக்கு, அதன் மேலேயே வளைந்து நிற்பதைத் தவிர உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். லேத் உயர்ந்தால் சுழலும் மரம் முகத்துக்கு நெருங்கி வருகிறது. வெறும் கண்ணாடி போதாது. தாடை வரை மூடும் முகக்கவசம் வேண்டும். நிறுத்தும் சுவிட்சும் சேர்ந்து உயர்ந்துவிடுவதால், சுழலும் மரத்தின் குறுக்கே கை நீட்டாமல் அதை அணைக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

இப்போது அந்த இன்னொரு குறை. மேசையின் அகலம் 60 செ.மீ.; உங்கள் லேத்தின் அடிப்பாகம் ஏறத்தாழ 20 செ.மீ. அகலம்தான் இருக்கும். நடுவில் வைத்திருப்பதால் லேத்துக்கு முன்னால் 20 செ.மீ. மேசைப் பலகை வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் இடுப்பு அந்த விளிம்பில் முட்டி நின்றுவிட, வேலை நடக்கும் இடம் அதற்கு அப்பால் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு உயர்த்தினாலும் அந்த 20 செ.மீ. இடைவெளியைக் கடக்க முன்னே சாய்ந்துதான் ஆக வேண்டும். லேத்தைத் தாங்கும் பலகை லேத்தின் பெட், அதாவது நீள அடிச்சட்டத்தின், அகலத்தைத் தாண்டி முன்பக்கம் நீளவே கூடாது. கீழேயும், சமையல் மேடையின் அடியில் கால்விரல் நுழைய இடம் விடுவதுபோல, ஒரு சாண் அளவுக்கு வெற்றிடம் இருக்க வேண்டும். குறுக்குச் சட்டமோ தட்டோ முன்விளிம்பு வரை வந்தால் பாதம் தள்ளிப்போய், அதனோடு உடம்பும் தள்ளிப்போகும். உயரம் சரியாக இருந்தும் இடுப்பு வலிக்கிறது என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு நான் செய்ததெல்லாம் லேத்தை முன்விளிம்புக்கு நகர்த்தியதுதான்.

கண்ணையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் குனிவது கைக்காக மட்டும் இல்லை, பார்ப்பதற்காகவும்தான். வெளிச்சம் தலைக்கு மேலிருந்து மட்டும் வந்தால் கிண்ணத்தின் உள்ளே நிழல் விழும். நிழலுக்குள் பார்க்க எல்லோரும் குனிவார்கள். வளைந்து நிற்கும் கழுத்துடைய விளக்கு ஒன்றைப் பக்கவாட்டில், தாழ்வாக, வெளிச்சம் மரத்தின் மேல் படிந்து ஓடும்படி வையுங்கள். உளி விட்ட வரிகள் நின்ற இடத்திலிருந்தே தெரியும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்று. கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி போட்டிருந்தால், அருகில் தெளிவாகப் பார்க்கும் பகுதி கண்ணாடியின் அடியில் இருக்கும். வேலையைப் பார்க்கத் தலையை மேலே அண்ணாந்து, உடம்பை முன்னே கொண்டுபோவார்கள். பிடரி வலிக்கு அதுவே போதுமான காரணம். கையெட்டும் தூரத்துக்கு மட்டும் பவர் வைத்து ஒரு தனிக் கண்ணாடி செய்துகொள்வது நல்லது. உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை, பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

உயர்த்தும் வழிக்கு வருகிறேன். உடனே வெல்டிங் பட்டறைக்குப் போய் நிரந்தர ஸ்டாண்டு செய்துவிடாதீர்கள். 18 மி.மீ. பிளைவுட்டை லேத்தின் அடிப்பாக அளவுக்கு 6 துண்டுகள் வெட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 10.8 செ.மீ.; உங்கள் 101 செ.மீ. இப்போது 111.8 ஆகிவிடும். நான்கு மூலைகளிலும் அடுக்கு முழுவதையும் துளைத்து மேசைப் பலகைக்குக் கீழே வரை போகும் நீண்ட போல்ட்டுகளை அகலமான வாஷர் போட்டு இறுக்குங்கள். ஏற்றவும் இறக்கவும் வேண்டுமானால் ஒரு துண்டைச் சேர்க்கலாம், எடுக்கலாம். ஒவ்வொரு துண்டுக்கும் உயரம் 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக மாறும். செங்கல் வைக்கவே வேண்டாம். அதிர்வில் விரிந்து நொறுங்கும். இறுக்காமல் சும்மா அடுக்கிய மரத்துண்டுகளும் ஆபத்துதான்.

முடித்ததும், லேத்தை மின்சாரத்திலிருந்து பிரித்துவிட்டு, பாதி கடைந்த கிண்ணம் ஒன்றை மாட்டுங்கள். டூல் ரெஸ்டை மரத்துக்கு நெருக்கமாக வைத்து, உளியின் சாய்முகத்தை மரத்தில் பொருத்திப் பிடியை இடுப்பில் சாய்த்து நில்லுங்கள். மற்றொருவரைக் கையால் மரத்தை மெதுவாகச் சுழற்றச் சொல்லி, வெட்டும் பாதை முழுவதையும் விளிம்பிலிருந்து நடு வரை போய்ப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து மூன்று நான்கு படங்கள் எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் காது, தோள், இடுப்பு மூன்றும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா, மேற்கை விலாவை ஒட்டித் தொங்குகிறதா என்று பாருங்கள். நின்றுகொண்டிருக்கும்போது நம் முதுகு நேராகத்தான் இருக்கிறது என்றே நமக்குத் தோன்றும். படம்தான் உண்மையைச் சொல்லும். என் பழைய படம் ஒன்றில் நான் கிண்ணத்துக்குள் எதையோ தேடுபவனைப்போல நிற்கிறேன். அன்று நேராக நிற்பதாகத்தான் எண்ணியிருந்தேன்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: உயர்த்திய லேத் அதிகமாக ஆடும். எடை மேலே போய்விட்டது, கால் அகலம் பழையபடியே இருக்கிறது. சமனில்லாத பச்சை மரத்தைச் சுழற்றும்போது எழும் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடும். வேகம் இரட்டித்தால் உதறல் நான்கு மடங்கு. ஆகையால் மேசைக்குக் கீழே எடை சேர்க்க வேண்டும். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்தில் ஒரு பெட்டி அடித்து உலர்ந்த மணலை நிரப்பினால் 36 லிட்டர் மணல், ஏறத்தாழ 55 கிலோ. மணலைச் சிமென்ட் சாக்கில் கட்டி வைத்தாலும் சரிதான். மணல் அசைவை விழுங்கிக்கொள்வதில் இரும்பைவிட நன்றாக வேலை செய்கிறது. பெட்டியைப் பின்பக்கமாகத் தள்ளி வையுங்கள். லேத் முன்விளிம்புக்கு வந்துவிட்டதால் மேசை முன்னே கவிழாமல் இருக்க அது தேவை, கால்விரலுக்கும் இடம் கிடைக்கும். வேகத்தைப் பொறுத்தவரை, மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுழற்சியால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையே வர வேண்டும் என்பது கடைசல்காரர்களிடையே பழகிப்போன கணக்கு. 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900 வரை. உருண்டையாகாத கட்டையைத் தொடங்கும்போது இயந்திரத்தின் மிகக் குறைந்த வேகத்தையே பயன்படுத்துங்கள்.

உங்கள் மகளும் கற்றுக்கொள்ள விரும்புவதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அவர் உயரம் 155 செ.மீ. என்றால் இருவர் உயரத்துக்கும் இடையே 18 செ.மீ.; முழங்கை மட்டத்தில் அது ஏறத்தாழ 11 செ.மீ. வித்தியாசம். இந்த நிலையில் லேத்தை உயரமானவருக்கு வைத்து, குட்டையானவருக்கு மேடை போடுவதே வழி. இருவருக்கும் நடுவில் ஓர் உயரத்தைத் தேர்ந்தெடுத்தால் இருவருக்குமே வலிக்கும். மேடை லேத்தின் நீளத்தைவிட நீளமாகவும், முன்னும் பின்னும் கால் வைத்து எடை மாற்ற இடம் தரும்படி குறைந்தது 75 செ.மீ. அகலமாகவும் இருக்கட்டும். கடையும்போது கண் உளியின் முனையில் இருக்கும், காலைப் பார்க்காது. சின்ன மேடையின் விளிம்பில் கால் தவறினால் கையில் உளியோடு சுழலும் மரத்தின் மேல்தான் விழ வேண்டியிருக்கும். அடியில் ரப்பர் ஒட்டி நகராமல் செய்யுங்கள். மேற்பரப்பில் மரச்சுருள் தேங்கினால் வழுக்கும். அரைமணிக்கொரு முறை பெருக்கச் சொல்லுங்கள்.

நின்றுதான் கடைய வேண்டும் என்று விதி எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகாவிலும் வெட்பாலை மரத்தில் அரக்குச் சாயம் ஏற்றி விளையாட்டுப் பொருள் செய்பவர்களின் பழைய கைப்பட்டறையில் மரம் தரையை ஒட்டியே சுழல்கிறது. கடைபவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். மொராக்கோவில் வில் கொண்டு கடைபவர்கள் தரையில் அமர்ந்து, ஒரு கை வில்லை இழுக்க, மறு கையும் கால்விரலுமாக உளியைப் பிடிக்கிறார்கள். தயிர் கடைவதும் மரம் கடைவதும் தமிழில் ஒரே சொல்லாக இருப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. கயிறோ வில்லோ முன்னும் பின்னும் இழுக்க, நடுவில் ஒன்று சுழல்வதுதான் இரண்டிலும் நடக்கிறது. உட்கார்ந்தவருக்கும் கணக்கு மாறுவதில்லை. தரையில் அமர்ந்தவரின் முழங்கை தரைக்கு ஒரு சாண் சொச்சம் மேலே இருக்கிறது, அவருடைய மரமும் அந்த அளவில்தான் சுழல்கிறது. நீண்ட நேரம் நிற்க முடியாதவர்கள் உயரமான ஸ்டூலில் பாதி சாய்ந்தோ, சக்கர நாற்காலியில் இருந்தபடியோ கடையலாம். அப்போது அமர்ந்த நிலையில் முழங்கை மட்டத்தை அளந்து, லேத்துக்குக் கீழே முழங்கால் நுழைய இடம் விட்டு ஸ்டாண்டு செய்ய வேண்டும்.

உங்கள் லேத்துக்கு இந்த வாரம் செய்ய வேண்டியது, அதை மேசையின் முன்விளிம்புக்குக் கொண்டுவந்து 6 பிளைவுட் துண்டுகளை ஏற்றுவது. முதல் இரண்டு மூன்று நாள் எல்லாம் விநோதமாகத் தோன்றும், கிண்ணம் நெஞ்சுக்கு வந்துவிட்டது போலிருக்கும். ஆறு மாதம் தாழ்வில் பழகிய உடம்பு அப்படித்தான் சொல்லும், அதைக் கேட்டு உடனே இறக்கிவிடாதீர்கள். இரண்டு வாரமாவது அந்த உயரத்திலேயே கிண்ணமும் மத்தும் மாறிமாறிக் கடையுங்கள். இடுப்பு வலி போய்த் தோள் இறுகத் தொடங்கினால் ஒரு துண்டை எடுங்கள். இடுப்பு இன்னும் வலித்தால் ஒன்றைச் சேருங்கள். ஓர் உயரத்தில் நின்று இரண்டு மூன்று மாதம் போன பிறகு நிரந்தர ஸ்டாண்டுக்கு அளவு கொடுங்கள். கொடுக்கும்போது வெறுமனே உயரம் என்று எழுதாமல், தரையிலிருந்து சுழல் அச்சு வரை இவ்வளவு, அதில் லேத் 29 செ.மீ., ஆகவே ஸ்டாண்டின் மேற்பலகை இவ்வளவு என்று மூன்றையும் படத்தில் குறித்துக் கொடுங்கள். கால்களை மேலே நெருங்கியும் கீழே அகன்றும் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். நான்கு கால்களிலும் 3 செ.மீ. அளவுக்குத் திருகி ஏற்றி இறக்கும் போல்ட் பாதங்கள் கேளுங்கள். பட்டறைத் தரை எங்கும் மட்டமாக இருப்பதில்லை; பெட்டின் மேல் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்துப் பார்த்து, பாதங்களைத் திருகி மட்டம் செய்த பிறகே பூட்டு நட்டுகளை இறுக்குங்கள்.